யார் செய்தது?

சமோவா மொழியில் 'ந ஃபசி எ லெ தமா லெ மைலெ' என்றால் 'பையன் நாயை அடித்தான்'. நடுவில் வரும் 'எ'தான் அடித்தவனைக் காட்டும் அடையாளம். 'எ லெ தமா'வை எடுத்துவிடுங்கள். வினை மாறாது, வாக்கியம் நிற்கும். அடித்தவன் மட்டும் காணாமல் போவான்.

மானிடவியலாளர் அலெசாண்ட்ரோ துராந்தி, உபோலு தீவின் ஃபலேஃபா கிராமத்து ஃபோனோ சபைப் பேச்சுகளைப் பதிவு செய்தார். அங்கே செய்தவரை 'எ' போட்டுச் சொல்வது அபூர்வம். சொன்னால், பெரும்பாலும் பழியோ புகழோ கூடவே வரும்.

பெயரை விடுவது கருணையா, கோழைத்தனமா? நாளைக்கும் ஒரே ஊரில் முகம் பார்த்து வாழணும் என்கிறபோது கருணைதான்.

ஆனால் 1918 நவம்பரில் தலூன் கப்பலை நியூசிலாந்து நிர்வாகம் தடுத்து வைக்காமல் அபியாவுக்குள் விட்டது. மேற்கு சமோவாவில் ஐந்தில் ஒருவர் விஷக்காய்ச்சலில் செத்தார்கள். 'நோய் வந்துடுச்சு' என்றால் போதுமா? 2002இல்தான் பிரதமர் ஹெலன் கிளார்க் அபியாவில் மன்னிப்புக் கேட்டார். அந்த வாக்கியத்துக்கு 'எ' வந்து சேர 84 வருஷம்.

அண்டைவீட்டுக்காரன் பெயரை விட்டுவிடலாம். அதிகாரத்தின் பெயரை விடக்கூடாது. இலக்கணம் இரண்டுக்கும் வழி விடுகிறது. எங்கே எதைச் சொல்வது என்பது பேசுகிறவர் பொறுப்பு.