லட்டை இழுக்கும் கை

கடோத்கஜன் வாயைத் திறக்கிறான். தட்டிலிருந்த லட்டு தானாக எழும்பி, லேசாக ஆடியபடி போய் அவன் வாயில் விழுகிறது. விளக்கு வெளிச்சத்தில் நூல் ஒரு கணம் மின்னியதைப் பார்த்துவிட்டவர்களும் சேர்ந்துதான் கை தட்டுகிறார்கள்.

சுரபி என்ற தெலுங்கு நாடகக் குழுவின் 'மாயா பஜார்' இது. செகந்திராபாத்தில் எம்.எம்.டி.எஸ். ரயில் ஏறினால் வரும் லிங்கம்பள்ளிப் பக்கம்தான் குழுவின் குடும்பங்கள் வாழும் சுரபி காலனி. ஹைதராபாத் தமிழர்களான நம்மில் பலர் தினமும் அந்த ரயிலில்தான் வேலைக்குப் போகிறோம். நாடகம் என்றால் மட்டும் சென்னையிலிருந்து யாராவது வரட்டும் என்று காத்திருப்போம்.

1885-இல், கடப்பை மாவட்டத்துச் சுரபி கிராமத்தில், ஒரு கல்யாணத்துக்காக 'கீசக வதம்' போட்டார்கள் சுரபியைத் தொடங்கிய வனாரசக் குடும்பத்தார். அதற்கு முன் அவர்கள் தோல்பாவைக் கூத்துக்காரர்கள். நாடகம் பிறந்தது சடங்கிலா, பாவையிலா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடட்டும். இவர்களுக்குப் பாவை தாத்தாவின் தொழில். பாவையை ஆட்டிப் பழகிய கைகள், பிறகு நாரதரையே கம்பியில் கட்டி மேகத்திலிருந்து இறக்கின. நம் பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள் சேலை கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே இங்கே பெண் வேஷத்தை வீட்டுப் பெண்களே போட்டார்கள். நடக்கப் பழகிய குழந்தைக்குப் பாலகிருஷ்ணன் வேஷம் தயார்.

இப்படிப்பட்ட மேடை வித்தையை மதிக்காதவர்கள் உண்டு. அரிஸ்டாட்டில் துன்பியல் நாடகத்துக்கு ஆறு உறுப்புகள் சொன்னார்: கதை, பாத்திரம், கருத்து, மொழி, இசை, காட்சி. காட்சிக்குக் கடைசி இடம். அது கவிஞன் வேலையல்ல, மேடைச் சாமான் செய்கிறவன் வேலை என்று ஒதுக்கிவிட்டார். இத்தனைக்கும் தேவர்களை இறக்க அவருடைய கிரேக்க மேடையிலேயே பாரந்தூக்கி இருந்தது. நம் பக்கத்திலும் நாடகக் குழு நடத்திய நவாப் ராஜமாணிக்கத்தையும் ஆர்.எஸ்.மனோகரையும் 'வெறும் ட்ரிக் சீன்' என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். நான் ஜனங்கள் கட்சி.

சினிமாவில் லட்டு என்ன, மலையே பறக்கும், யாருக்கும் பதைப்பில்லை. இங்கே படுதாவுக்குப் பின்னால் மச்சினனோ மருமகனோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நூலை இழுக்கிறான். ஒரு இழுப்பு தப்பினால் லட்டு கடோத்கஜன் மூக்கில் இடிக்கும். அது இன்றைக்கும் நடக்கலாம் என்பதால்தான் அந்தக் கைதட்டல்.

ஒரு காலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட சுரபி குழுக்கள் இருந்தன. இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்றை நடத்திய பாப்ஜி என்ற நாகேஸ்வர ராவுக்கு 2013-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அடுத்து எங்கே ஆடுகிறார்கள் என்று விசாரித்துக் குழந்தைகளைக் கூட்டிப் போங்கள். நடு வரிசை வேண்டாம். ஓரத்தில் உட்கார்ந்தால் சில சமயம் இழுக்கிற ஆளையும் பார்க்கலாம்.