ஒரு கால்வாயைச் சாக்கிட்டு

1

2025 ஆகஸ்ட் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையைச் சேர்ந்த பதினேழு பேர் பக்கிங்காம் கால்வாயின் கரையில், திருமயிலை ரயில் நிலையத்துக்கும் மந்தைவெளிக்கும் நடுவே ஓரிடத்தில், ஒரே நிறப் பனியன் அணிந்து நின்றோம். வட்டார அலுவலகச் சுற்றறிக்கை இதற்குக் கொடுத்திருந்த பெயர் டீம் பில்டிங். முந்தைய வருஷங்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதாவதொரு விடுதிக்கு அழைத்துப் போவார்கள். கயிறு இழுப்போம். கண்ணைக் கட்டிக்கொண்டு சக ஊழியர் மீது பின்பக்கமாகச் சாய்வோம், அவர் பிடித்துக்கொள்வார், இதனால் பரஸ்பர நம்பிக்கை வளரும் என்பது சித்தாந்தம். இம்முறை யாருக்கோ சமூகப் பிரக்ஞை வந்துவிட்டது. கயிற்றுக்குப் பதில் கால்வாய்.

இரண்டரை மணி நேரம் வேலை செய்தோம். பால் உறைகள், தண்ணீர் பாட்டில்கள், சாராய பாட்டில்கள், தெர்மோகோல், ஒற்றைச் செருப்புகள், காய்ந்த மாலைகள், சாமி படத்தின் சட்டம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் டம்ளர்கள், தடை என்ற ஒன்று இருப்பதே தெரியாத மாதிரி, புத்தம் புதிதாகக் கிடந்தன. தண்ணீர் கறுப்பாக அசையாமல் நின்றது. அரை மணிக்குப் பிறகு நாற்றம் தெரியவில்லை. அது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தோஷமாக இருந்தது. லீவு விஷயமாக என்னோடு ஐந்து மாதமாகப் பேசாத காஷியர் சாக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். ‘பாத்து, கண்ணாடி’ என்றார். இந்தச் சந்தோஷம் பொய் என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒன்பது மணிக்கு நாற்பத்து மூன்று சாக்குகளை அடுக்கி, பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். பொங்கல் வந்தது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் இரண்டு பெண்கள் வண்டியோடு வந்து சாக்குகளைத் தூக்கினார்கள். அவர்களில் மூத்தவர் ஒரு சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘பாட்டிலையெல்லாம் தனியாப் போட்டிருக்கலாம்ல சார். கையக் கிழிக்கும்.’ பிறகு சாக்கைக் கொட்டி, உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார். அவர் கையுறையைவிட எங்கள் கையுறை கனமானது.

எங்களோடு பதினெட்டாவதாக ஒருவர் இருந்தார். எங்கள் கிளையைப் பெருக்குகிறவர். பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொள்ள, டிபன் பரிமாற, வரச் சொல்லியிருந்தார்கள். பனியன் பட்டியலில் அவர் பெயர் விடுபட்டுவிட்டது. கம்பில் கொக்கி கட்டி எப்படி இழுப்பது என்று எங்களுக்குக் காட்டியது அவர்தான். ‘தண்ணி பக்கமா நிக்காதீங்க சார், மேல நின்னு இழுங்க’ என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். குப்பை வாருவதைப் பற்றி ஏதாவது தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான். படத்தில் அவர் இல்லை. படம் எடுத்தவர் அவர்.

2

அந்தக் கால்வாயின் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு அங்கே நிற்பது சற்றுச் சங்கடமான விஷயம். 1806இல் எண்ணூர்ப் பக்கம் காக்ரேன் கால்வாய் என்ற பெயரில் தொடங்கியது அது. ஆனால் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து மயிலாப்பூர் வழியாகப் போகும் ஏறக்குறைய 8 கிலோமீட்டர்ப் பகுதி, தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-78இல் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் அதனால்தான் அதற்கு வந்தது. வெட்டியவர்களின் பெயர் வைக்கிற வழக்கம் எந்த நிர்வாகத்துக்கும் இருந்ததில்லை.

பஞ்ச நிவாரணத்தில் வேலை என்பது வேலைக்காக மட்டும் கொடுக்கப்பட்டதல்ல. வந்து நிற்பவனின் பசி மெய்யா என்று அறிய அது ஒரு சோதனை. மெய்யான பசிக்காரன் மண் சுமப்பான், மற்றவன் போய்விடுவான் என்பது அன்றைய அரசாங்கத்தின் தர்க்கம். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பி மதராஸுக்கு வந்த ரிச்சர்ட் டெம்பிள், ஓர் ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ், இதைத் தின்றுகொண்டு உழைக்கிற உடம்பு பிழைக்காது என்று வாதாடினார். சில மாதங்கள் கழித்துத்தான் கூலி கூட்டப்பட்டது. அதற்குள் செத்தவர்கள் செத்தார்கள்.

ஆக, கால்வாய் வெட்டியது முதலாவதாகப் பசியைச் சோதிக்க. பிறகு அதில் கொஞ்ச காலம் விறகும் உப்பும் வந்தன என்பது உண்மை. அது ஒன்றுதான் கால்வாயைக் கால்வாயாக நடத்திய காலம். அப்புறம் நகரம் அதைச் சாக்கடையாக்கியது. அப்புறம் அதன் வயிற்றிலேயே தூண்களை நட்டுப் பறக்கும் ரயில் விட்டார்கள்; 1997இல் திருமயிலை வரை வந்தது, 2007இல் வேளச்சேரி போய்ச் சேர்ந்தது. இப்போது, ஒரு வங்கிக் கிளை ஊழியர்களிடையே ஒற்றுமை உண்டாக்க. வெட்டியதும் வேறெதற்கோ, தூண் நட்டதும் வேறெதற்கோ, பெருக்கியதும் வேறெதற்கோ. அது எப்போதுமே ஒரு சாக்கு.

3

‘வேறெதற்கோ’ செய்தால் என்ன தப்பு? பொங்கல் சாப்பிடும்போது நான் இதைக் கிளப்பியதும் காஷியர் கேட்ட கேள்வி இது. எடுத்த பாட்டில் எடுத்ததுதானே என்றார்.

நம் பழைய கவிதையில் இதற்கு ஒரு பதில் உண்டு. ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியார், மறுபிறப்பில் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து இப்பிறப்பில் கொடுக்கிற, அறத்தை விலைபேசும் வியாபாரி அல்ல அவன் என்கிறார் புறநானூற்றில். பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் கான்ட்டையும் இழுக்காமல் இருக்க முடியாது. எல்லோருக்கும் ஒரே விலை சொல்லும் கடைக்காரன், வாடிக்கை போய்விடும் என்பதற்காக அப்படிச் சொன்னால், அவன் செய்தது சரிதான், ஆனால் அதற்குத் தார்மீக மதிப்பு இல்லை என்று 1785இல் அவர் எழுதினார். இரண்டு பேருக்கும் உதாரணத்துக்குக் கிடைத்தவர் வியாபாரிதான். வங்கியில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது முகத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது.

ஆனால் எனக்கு இந்தப் பதிலில் திருப்தி இல்லை. நோக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது நம் போன்ற சிறுபத்திரிகைக்காரர்களின் வியாதி. ஸ்தாபனம் செய்வதெல்லாம் பாவனை என்று எழுதிவிட்டால் நம் பங்கு முடிந்தது என்று நினைக்கிறோம். கால்வாய்க்கு நம் மனத்தின் சுத்தத்தால் பிரயோஜனம் இல்லை. காஷியர் சொன்னது சரி: எடுத்த பாட்டில் எடுத்ததுதான்.

என்னைத் தொந்தரவு செய்வது நோக்கம் அல்ல. ஒன்பது மணி. நாங்கள் ஒன்பது மணிக்கு நிறுத்தினோம். நிறுத்த முடிந்ததால்தான் அது உல்லாசமாக இருந்தது. அதே செயல், அதே நாற்றம், அதே கறுப்புத் தண்ணீர். விட்டுவிட்டுப் போகலாம் என்ற வசதி இருந்தால் அது சேவை, இல்லாவிட்டால் அது ஜாதி.

4

1901இல் கல்கத்தா காங்கிரஸில் கக்கூஸ்களின் நிலையைப் பார்த்த காந்தி தொண்டர்களிடம் சொல்ல, அது எங்கள் வேலை இல்லை, தோட்டியின் வேலை என்றார்கள். ஒரு துடைப்பம் கேட்டு வாங்கி, தமக்கு வேண்டிய ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டார். சத்திய சோதனையில் அவரே இதைச் சொல்கிறார். 2014இல் தூய்மை இந்தியா இயக்கம் அவர் பிறந்த நாளில் தொடங்கியதற்கு அந்தத் துடைப்பமும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். அம்பேத்கர், காந்தியும் காங்கிரஸும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது பற்றிய தமது 1945ஆம் வருஷத்துப் புத்தகத்தில், இந்த இடத்தைத்தான் பிடிக்கிறார். இந்த நாட்டில் ஒருவன் தோட்டியாவது செய்கிற வேலையால் அல்ல, பிறப்பால். அப்படியிருக்க அந்த வேலையை உன்னதம் என்று புகழ்வது அவனை அங்கேயே உட்கார வைக்கிற காரியம் என்பது அவர் வாதம்.

அன்று காலை துடைப்பம் பிடித்த எங்கள் பதினேழு பேரில் ஒருவரும் அதனால் கீழே போய்விடவில்லை. மாறாக ஒரு படி உயர்ந்தோம்; வட்டார அலுவலகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. சாக்கைக் கொட்டிப் பிரித்த பெண்மணிக்கு அந்தக் கடிதம் வராது.

அதே சனிக்கிழமை, மயிலாப்பூரிலிருந்து அதிக தூரமில்லாத ரிப்பன் மாளிகையின் முன் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் விடாதே, எங்களை நிரந்தரமாக்கு என்பது கோரிக்கை. ஆகஸ்ட் 1 தொடங்கி 13 நாள் இருந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில், நீதிமன்ற உத்தரவைக் காட்டிப் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மயிலாப்பூர், அடையாறு பக்கத்துக் குப்பை அதற்குச் சில வருஷங்கள் முன்பே ஒப்பந்தக்காரர்களிடம் போயிருந்தது. நகரத்தைச் சுத்தம் செய்வது யாருடைய பிழைப்போ அவர்கள் அந்தப் பிழைப்பைக் கேட்டு நடைபாதையில் இருக்க, யாருடைய பிழைப்பு அதில் இல்லையோ அவர்கள் பனியன் போட்டுக்கொண்டு கால்வாயில் இருந்தார்கள். இதை நான் அன்று யோசிக்கவில்லை. செய்தித்தாளில் படித்திருந்தேன், ஆனாலும் யோசிக்கவில்லை.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம். சாக்கடைக்குள் இறங்கிச் செத்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறிக்கொண்டு போவதிலிருந்து ஒன்று தெரிகிறது: சாவது நிற்கவில்லை.

5

மயிலாப்பூரில் கால்வாயைப் பற்றி எழுதும்போது, கூப்பிடு தூரத்தில் இருக்கும் கபாலி கோவிலையும் அங்கே சிலையாக நிற்கும் அப்பரையும் விட்டுவிட முடியாது. தோளில் உழவாரம். புல்லைச் செதுக்கி, பிராகாரத்தைச் சுத்தம் செய்தவர். திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தனவாம். அவற்றையும் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார் என்கிறார் சேக்கிழார். நோக்கத்தின் சுத்தத்துக்கு இதைவிட உதாரணம் வேண்டாம். ஆனால் எனக்கு இப்போது பெரிதாகத் தெரிவது வேறு. அவர் தம் பணியைத் தொண்டு என்பதோடு நிறுத்தவில்லை, கடன் என்றார்.

தமிழில் கடமைக்கும் வாங்கிய பணத்துக்கும் ஒரே சொல். பத்து வருஷத்துக்கு மேலாகக் கடன் கணக்கு எழுதுகிறவன் இதை இத்தனை நாள் கவனிக்கவில்லை. கடன் என்றால் எதிரே ஒருவர் இருக்கிறார். அவர் கேட்கலாம். தவணை தவறினால் வாசலில் வந்து நிற்கலாம். உபகாரத்தில் அந்தத் தொல்லை இல்லை. யாருக்கு, எப்போது, எத்தனை மணி வரை என்பதெல்லாம் செய்கிறவன் இஷ்டம். கால்வாய் எங்கள் கவுன்ட்டருக்கு வந்து கேட்காது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தோம் என்று இப்போது நினைக்கிறேன். கேட்க முடியாதவற்றுக்கு நல்லது செய்வதில் நமக்கு ஒரு தனி ருசி இருக்கிறது.

1986இல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் கடற்கரையைச் சுத்தம் செய்யப் போனவர்கள், எடுத்த ஒவ்வொன்றையும் அட்டையில் குறித்தார்கள்: என்ன பொருள், எத்தனை. இன்று உலகம் முழுக்க நடக்கிற கடற்கரைத் தூய்மை நாளின் தொடக்கம் அது. குறித்து வைத்த குப்பை ஒரு பில். அதை யாரிடமாவது நீட்டலாம். நாங்கள் சாக்குகளைத்தான் எண்ணினோம், படத்தின் கீழே போட.

இனி என் கணக்கு. எங்கள் கிளையைப் பெருக்குகிறவர் பகுதி நேர ஊழியர். வங்கிகளில் அவர்களுக்குச் சம்பளம் மூன்றில் ஒரு பங்கு, பாதி, முக்கால் என்று ஏறும். வாரத்தில் எத்தனை மணி நேர வேலை என்பதைப் பொறுத்தது. கிளைக்கு மாடி ஒன்று சேர்ந்து, பெருக்க வேண்டிய இடம் ஏறக்குறைய இரண்டு மடங்கான பின்பும் அவருடைய பங்கு பாதியிலேயே நின்றது. மணிக்கணக்கைத் திரும்பப் பார்க்கச் சொல்லி ஒரு மனு. தமிழில் தம் மகளை விட்டு எழுதி வாங்கி, ‘நீங்க இங்கிலீஸ்ல போட்டுக் குடுங்க சார், அப்பத்தான் மதிப்பாங்க’ என்று என்னிடம் கொடுத்திருந்தார். ஏப்ரலில். அது என் மேஜை இழுப்பறையில், ஒரு கவிதைத் தொகுப்புக்கு நான் எழுத வேண்டியிருந்த மதிப்புரைக் குறிப்புகளுக்குக் கீழே இருந்தது. நான்கு மாதம். தினமும் காலையில் அவர் அந்த மேஜையைத் துடைத்தார். ஒரு முறைகூட ஞாபகப்படுத்தவில்லை.

திங்கட்கிழமை அதை எழுதி முடிக்க எனக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. கால்வாய்க்குக் கொடுத்தது இரண்டரை மணி. கொண்டுபோய்க் கொடுத்தபோது மேலாளர் நல்ல மனிதராகத்தான் பேசினார். மேலே அனுப்புகிறேன் என்றார். அவரிடம் போய்ச் சொன்னேன். ‘சரி சார்’ என்றார். ஏன் இத்தனை நாள் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கேட்கவில்லை. கேட்க உரிமை உள்ளவர் கேட்காமல் இருக்கப் பழகியிருப்பதும் எங்கள் குழு கட்டப்பட்டிருக்கும் விதத்தில் ஒரு பகுதி.

மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. போன வாரம் பறக்கும் ரயிலில் மந்தைவெளியைத் தாண்டும்போது கீழே பார்த்தேன். நாங்கள் பெருக்கிய இடம் எது என்று அடையாளம் தெரியவில்லை.