சமாதானமா? சாட்சியத்தை மறைப்பதா?



கட்சிக்காரரின் இரகசியம் வழக்கறிஞரிடம் உள்ள அமானிதம். அதைக் காப்பது கடமை. ஆனால் அநீதியை மூடி மறைப்பதும் அமானிதம் ஆகுமா?

1998, லண்டன். ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் மீது சக ஊழியர் சொன்ன பாலியல் புகாருக்காக, அவருடைய உதவியாளர் ஜெல்டா பெர்கின்ஸ் வேலையை விட்டார். வழக்கறிஞர்கள் சமாதான ஒப்பந்தம் எழுதினார்கள். இரு பெண்களுக்கும் தலா 1,25,000 பவுண்டு. நடந்ததை வெளியே பேசக் கூடாது. 2017-ல்தான் பெர்கின்ஸ் அந்த ஒப்பந்தத்தை மீறிப் பேசினார். இடையில் 19 ஆண்டுகள்!

சமாதானம் நல்லதே. ஆனால் ஹராமை ஹலாலாக்கும் சமாதானம் செல்லாது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததைத் திர்மிதியில் காண்கிறோம். மோசடிக்காரர்களுக்காக வாதாடுவதை அந்நிஸா 105-வது வசனம் தடுக்கிறது. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்திற்குள்ளானது என அல்பகரா 283-வது வசனம் எச்சரிக்கிறது.

வழக்கறிஞராக இருக்கும் சகோதரரே, சகோதரியே! பாதிக்கப்பட்டவர் தன் மானம் காக்க இரகசியம் கேட்டால் எழுதிக் கொடுங்கள். தொகையை மறைத்தாலும் குற்றமில்லை. ஆனால் காவல்துறைக்கோ நீதிமன்றத்துக்கோ மருத்துவரிடமோ போகும் வழியை அடைக்கும் வரியை எழுதாதீர்கள். அந்த ஒரு வரியால் அநியாயக்காரன் அதே நாற்காலியில் அமர்ந்திருப்பான். அடுத்த பெண் அதே அறைக்குள் நுழைவாள்.

முதலாளிகளே! பணத்தால் வாயை அடைக்கலாம்; மறுமையில் கைகளும் கால்களும் சாட்சி சொல்லும்போது எந்த ஒப்பந்தம் தடுக்கும்?

நீதியின் பக்கம் நிற்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.