புதிதாக வந்தவருக்குச் சலுகை: தர்மமா, பாரபட்சமா?

ஒரே தெருவில் இரண்டு பேர் சொந்தத் தொழில் செய்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் அந்த ஊர்க்காரர், பத்து வருடமாகக் கடை நடத்துகிறார். இன்னொருவர் வெளிநாட்டிலிருந்து வந்து, போன மாதம்தான் தொழிலைப் பதிவு செய்தவர். சமூகப் பாதுகாப்பு நிதிக்குப் பழையவர் நிறைய கட்டுகிறார், புதியவர் கொஞ்சம்தான் கட்டுகிறார். இது சரியா?

இது ஸ்பெயினில் நிஜமாகவே நடக்கிறது. அங்கே சொந்தத் தொழில் செய்பவர் மாதாமாதம் சந்தா கட்டியே ஆக வேண்டும். 2023-இல் வந்த மாற்றப்படி, புதிதாகப் பதிவு செய்பவருக்கு முதல் 12 மாதம் சுமார் 80 யூரோதான். நிகர வருமானம் குறைந்தபட்சச் சம்பளத்தைத் தொடவில்லை என்றால் இன்னும் 12 மாதம் நீட்டிப்பு கேட்கலாம். பிறகு வருமானத்துக்கு ஏற்ற சந்தா. அது 200 யூரோ அளவில் தொடங்கி 500-ஐயும் தாண்டும். முறையான அனுமதியோடு வந்த வெளிநாட்டவருக்கும் இதே சலுகைதான்.

"அப்போ பழைய கடைக்காரர் கட்டுற காசுல புதுசா வந்தவன் குளிர் காயுறானா?" என்று கேட்கத் தோணும். நியாயமான கேள்விதான்.

திருக்குறளில் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஒப்புரவு என்றால் எல்லாரும் ஒரே அளவு கொடுப்பது இல்லை. ஊரோடு ஒத்து வாழ்ந்து, அவரவர் சக்திக்கு ஏற்பக் கொடுப்பது. வாடிக்கையாளரே இல்லாத முதல் வருடத்தில் முழுச் சந்தாவும் கேட்டால் கடையை மூடிவிட்டுப் போவார். பொது நிதிக்கு ஒன்றும் வராது. தாங்கிப் பிடித்தால் அடுத்த வருடத்திலிருந்து அவரும் மற்றவர்களுக்காகக் கட்டுவார்.

ஏமாற்ற நினைப்பவருக்கும் தடை உண்டு. ஒருமுறை சலுகை வாங்கி மூடியவர், மூன்று வருடம் போன பிறகுதான் மறுபடி கேட்க முடியும். வந்தவர் வாங்க மட்டுமே வந்தவரும் இல்லை. அங்கே ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 15 வருடச் சந்தா வேண்டும். தாய்நாட்டோடு ஒப்பந்தம் இல்லாதவர் அதற்கு முன் கிளம்பினால், கட்டிய பணம் அந்த ஊர்ப் பெரியவர்களுக்குத்தான்.

இப்போது நம்ம நாட்டைப் பாருங்கள். 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் ஊழியர் சேமநிதி கட்டாயம். தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. நம்மிடம் பிடிப்பதோ 11 விழுக்காடு, முதலாளி தருவது 12 அல்லது 13. இதுவும் குறைந்த சந்தாதான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. சேமநிதியில் அவரவருக்குத் தனிக் கணக்கு. குறைவாகப் போட்டால் குறைவது அந்தத் தொழிலாளியின் முதுமைக்கால பணம். மிச்சமாவது முதலாளிக்கு. கட்டாயமாக்கியது நல்ல தொடக்கம்தான். ஆனால் அதைச் சலுகை என்று சொல்லலாமா?

அதனால் எந்தச் சலுகையையும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். இது யாரைத் தூக்கி விடுகிறது? எப்போது முடிகிறது?

நம்மில் சிலர் நாளை வெளிநாடு போய்ச் சொந்தத் தொழில் தொடங்குவோம். சலுகை கிடைத்தால் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்வோம். ஆனால் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு வருமானத்தைக் குறைத்துக் காட்டக்கூடாது. நம் சமயம் சொல்லும் கடன்களில் சக மனிதருக்குப் பட்ட கடனும் ஒன்று. முழுச் சந்தாவையும் முகம் சுளிக்காமல் கட்டுவதுதான் அதைத் தீர்க்கும் வழி.