வட்டி தராத குழந்தை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்றொரு ஊர். அங்கே பெரி ஆரம்பப் பள்ளியில் 1962-இல் ஒரு சோதனை தொடங்கியது. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 3, 4 வயதுக் குழந்தைகள் 123 பேர். அவர்களில் 58 பேருக்குக் காலையில் இரண்டரை மணி நேர வகுப்பு. வாரம் ஒருமுறை ஆசிரியை வீட்டுக்கே வந்து, தாயோடும் பிள்ளையோடும் உட்கார்ந்து பேசுவார். மற்ற 65 பேருக்கு இது கிடைக்கவில்லை. வகுப்புக்குப் போன பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் கிடுகிடுவென ஏறியது. ஆனால் பத்து வயதுக்குள் இரு தரப்புக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

அன்றே கணக்கை மூடியிருந்தால் செலவு வீண் என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆய்வாளர்கள் விடவில்லை. நாற்பது வயதில் தேடிப் போய்ப் பார்த்தபோது வகுப்புக்குப் போனவர்கள் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அவர்களில் கைதானவர்களும் குறைவு. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மனும் சக ஆய்வாளர்களும் அந்த முதலீடு ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் வரை ஈட்டியதாகக் கணக்கிட்டார்கள்.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1980-களில் நடந்தது இதைவிட எளிய முயற்சி. வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் போனார். கழித்துப்போட்ட பொருள்களில் செய்த பொம்மைகளை எடுத்துப்போய், பிள்ளையோடு விளையாடுவது எப்படி என்று தாய்க்குக் காட்டினார். இரண்டு ஆண்டுகள், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, 22 வயதில் ஈட்டிய வருமானம் ஏறக்குறைய 25 சதவீதம் அதிகம்.

இந்த எண்கள் அவசியமானவை. கஜானாவைத் திறக்க வைக்கும் வலிமை அவற்றுக்கு உண்டு. ஆனால் மதிப்பெண் வித்தியாசம் மறைந்து, பலன் கண்ணில் படாதிருந்த காலத்தில், இப்சிலாண்டிக் குழந்தைகளின் காலைப்பொழுதுகள் மதிப்பற்றுக் கிடந்தனவா? மனிதரை வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்றார் ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட். நாளைய வரிக்காகவே இன்று ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவது அந்த விதிக்கு ஆபத்தான நெருக்கத்தில் நிற்கிறது.

தமிழ்ப் பக்தி மரபு குழந்தையை வேறு கண்ணால் பார்த்தது. குமரகுருபரர் மதுரை மீனாட்சியையே குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடினார். தவழ முயலும் செங்கீரை, கை கொட்டும் சப்பாணி, நிலாவை விளையாடக் கூப்பிடும் அம்புலி என்று ஒவ்வொரு பருவமும் அங்கே வழிபாட்டுக்குரியது. கை கொட்டுவதால் பின்னாளில் என்ன கிடைக்கும் என்று அந்தப் பக்தி கேட்பதில்லை. இந்தக் கண் தெய்வக் குழந்தைக்கு மட்டும் உரியதாக ஏன் இருக்க வேண்டும்?

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் பாடம் சொல்லித்தரவே அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்த ஆய்வும் உண்டு. கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது, மதிப்பெண் கூடியது, வளர்ச்சிக் குறைபாடு குறைந்தது. செலவைப் போல் 13 முதல் 21 மடங்கு வரை பலன் வரும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அரசு யோசிக்காமல் ஏற்க வேண்டிய செலவு இது.

அதே அங்கன்வாடிப் பாயில், பேச்சு வராத, என்றைக்குமே வேலைக்குப் போக இயலாத ஒரு குழந்தையும் உட்கார்ந்திருக்கலாம். அவளுக்கு 13 மடங்கும் இல்லை, ஒரு மடங்கும் இல்லை. அவளோடு உட்கார்ந்து விளையாடும் பணியாளருக்கான சம்பளத்தையும் அதே பட்ஜெட்டில், அதே உறுதியோடு ஒதுக்க வேண்டும். அதற்கு எந்த ஆய்வுக்காகவும் காத்திருக்கக் கூடாது.