துக்கத்துக்கு என்ன பதில்?

பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் என்ன பேசுவது? 'எல்லாம் விதி', 'மனசைத் தேத்திக்கோங்க' என்று ஏதோ சொல்லிவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறோம். சொன்னது அவருக்காகவா, நமக்காகவா?

அயர்லாந்து நாடகாசிரியர் கானர் மெக்பெர்சனின் 'தி வியர்' எனக்கு இந்தக் கேள்வியாகவே நிற்கிறது. 1997இல் லண்டனில் அரங்கேறிய நாடகம். அயர்லாந்துச் சிற்றூர் ஒன்றின் மதுக்கடை, ஒரே இரவு, ஐந்தே பேர். டப்ளினிலிருந்து புதிதாகக் குடிவந்த வேலரியிடம் ஊர் ஆண்கள் போட்டிபோட்டுக்கொண்டு பேய்க்கதை சொல்கிறார்கள். பிறகு அவள் தன் கதையைச் சொல்கிறாள்: நீச்சல்குளத்தில் இறந்துபோன மகள், பின்பு ஒருநாள் தொலைபேசியில் கேட்ட அவள் குரல்.

அயர்லாந்தில் ஊருக்கு ஊர் அமெச்சூர் நாடகக் குழுக்கள் உண்டு. வட்டாரப் போட்டிகளில் முந்துபவை, 1953 முதல் நடந்துவரும் அத்லோன் விழாவுக்குப் போகின்றன. பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள்தாம் நடிகர்கள். அப்படியொரு குழு இந்த நாடகத்தைப் போட்டபோது, என் கண் வேலரியைவிட மற்ற நால்வர் மேலேயே இருந்தது. அவள் தன் கதையைச் சொல்லும்போது அவர்களுக்கு அநேகமாக வசனமே இல்லை. ஒருவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அது பயிற்சிக் குறைவா, பாத்திரத்தின் தவிப்பா என்று பிரிக்க முடியவில்லை. இழவு வீட்டில் நாமும் அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறோம்.

அவள் முடித்ததும் ஆண்கள் காரணம் தேடுகிறார்கள். தாங்கள் சொன்ன பேய்க்கதைகளையே இல்லையென்று ஆக்கப் பார்க்கிறார்கள். அவளுக்கோ, தான் சொன்னதை யாராவது நம்பினால் போதும்.

கடைசியில் காரேஜ் நடத்தும் ஜேக் பேசுகிறார். காதலித்த பெண்ணோடு டப்ளினுக்குப் போகாமல் விட்டது. அவள் கல்யாணத்தன்று, இவர் முகத்தைப் பார்த்தே ஒரு மதுக்கடைக்காரர் சாண்ட்விச் செய்து கொடுத்தது. பேயே இல்லாத கதை.

'எனக்கும் இப்படித்தான்' என்று ஆரம்பித்து, அடுத்தவர் துக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்பவர்களையும் பார்த்திருக்கிறோம். ஜேக் அந்த ரகமில்லை. வேலரியின் இழப்பை முழுக்கக் கேட்டார். தன்னுடையதை அதற்கு ஈடாக வைக்கவில்லை. தான் கோட்டைவிட்டதைச் சொல்லி, அவளைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டார். ஆறுதல் சொல்லத் தெரியாதவர்களாலும் இவ்வளவு முடியும். ஆனால் அதற்கு முதலில், வசனமில்லாத அந்த நேரத்தை ஓடாமல் உட்கார்ந்து கடக்க வேண்டியிருக்கிறது.