பழசு என்று யார் சொன்னது?

கம்ப்யூட்டர் என்றால் உயிரை விடுகிற ஒருவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். நம் வாலிபர்களில் ஒருவராக இருக்கலாம். உங்கள் வீட்டு மகனாகவோ மகளாகவோகூட இருக்கலாம். ஜனவரி மாதம் வந்துவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் பட்டணத்தில் வருஷந்தோறும் நடக்கிற பெரிய எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சியில் எந்த லேப்டாப் வருகிறது, எந்த டெஸ்க்டாப் வருகிறது, எத்தனை கோர், எத்தனை ஜிபி என்று எல்லாம் விரல்நுனியில் இருக்கும். "அண்ணே, இதைப் பாத்தீங்களா! இதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் இனிமே ஒண்ணுமே இல்லண்ணே!" என்பார். போன வருஷமும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். அப்போது பார்த்தது வேறொரு மெஷின்!

பெரியவர்கள் சிலர், "எல்லாம் வீண் ஆசை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். வாலிபரோ, "உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று விலகிப்போவார். இரண்டு பேரும் கேள்வியைத் தொடவில்லை. புதிய பொருளைக் கண்டு சந்தோஷப்படுவது தவறா? தவறில்லையென்றால், அது எந்த இடத்தில் தவறாக மாறுகிறது?

சந்தோஷம் குற்றமல்ல

முதலாவது இதைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சந்தோஷம் குற்றமல்ல. 1981-ல் ஆஸ்போர்ன் 1 என்றொரு கம்ப்யூட்டர் அமெரிக்காவில் வந்தது. கையில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று விற்றார்கள். எடை என்ன தெரியுமா? ஏறக்குறைய 11 கிலோ! திரை 5 அங்குலம். விலை 1,795 டாலர். அதற்கே ஜனங்கள் ஆச்சரியப்பட்டார்கள். 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏர் லேப்டாப்பை வெளியே எடுத்துக் காட்டினார். 2020 நவம்பரில் எம்1 சிப்போடு வந்த மேக்புக் ஏரில் சூட்டைத் தணிக்கிற விசிறியே இல்லை. சத்தமில்லாமல் வேலை செய்தது. பதினொரு கிலோ பெட்டியிலிருந்து இதுவரைக்கும் வருவதற்கு எத்தனை ஆயிரம் பேர் ராத்திரி பகலாக உழைத்திருப்பார்கள்! நல்ல வேலையைப் பார்த்து, "அடேயப்பா, என்னமா செஞ்சிருக்கான்!" என்று மெச்சுகிற இருதயம் நல்ல இருதயம்தான்.

கம்ப்யூட்டர் பிரியரின் கூர்மையான கண்ணால் மற்றவர்களுக்கும் பிரயோஜனம் உண்டு. 1994-ல் அமெரிக்காவில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர், அப்போது புதிதாக வந்திருந்த பென்டியம் கம்ப்யூட்டர் ஒன்றைத் தன் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார். கணக்கு ஒத்துவரவில்லை. விடாமல் தேடினார். கடைசியில், சில எண்களை வகுக்கும்போது அந்தச் சிப்பே தவறான விடை தருகிறது என்று கண்டுபிடித்தார். அதற்கு முந்தின 486 சிப்பில் அந்தக் குறை இல்லை. புதியது தவறியது, பழையது சரியாகச் சொன்னது! இன்டெல் கம்பெனி முதலில் தயங்கி, பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் சிப்பை மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதற்காக ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். புதியது என்பதற்காகவே ஒன்று மேலானது ஆகிவிடாது என்பதை அன்றைக்கு உலகமே பார்த்தது.

பழசு மூன்று வகை

அப்படியானால் சங்கடம் எங்கே ஆரம்பிக்கிறது? புதியதை மெச்சுகிற அதே வாய், கையில் இருக்கிறதை "பழசு" என்று இகழும்போதுதான். ஆகவே அந்த வார்த்தையை நிறுத்தி விசாரிப்போம். பழசு என்று யார் சொன்னது?

1. வேலை சொன்னது. உண்மையாகவே ஒரு மெஷினால் நம் வேலையைச் செய்ய முடியாத நேரம் வரும். வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப் போதாது. கட்டட வரைபடம் போடுகிறவருக்கும் அப்படியே. அங்கே புதியதை வாங்குவது ஆடம்பரம் அல்ல. அது தொழிலுக்கு ஆயுதம். இதைப் புரிந்துகொள்ளாமல் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதிருங்கள்.

2. விற்கிறவர் சொன்னார். இது சூட்சுமமான காரியம். 1995 ஆகஸ்ட் 24-ம் தேதி விண்டோஸ் 95 வந்தபோது நடுராத்திரியிலேயே கடை வாசலில் வரிசை நின்றது. 4 எம்பி ராம் போதும் என்று எழுதியிருந்தார்கள். அந்த 4 எம்பியில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அதன் வேகம்! நேற்றுவரை நன்றாக ஓடின மெஷின் ஒரே நாளில் நொண்டியானது. மெஷின் மாறவில்லை, அதன்மேல் ஏற்றின பாரம் மாறியது.

நம் நாட்களிலும் அது நடந்தது. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் குறிப்பிட்ட பிராசஸர்களும் இருந்தால்தான் ஏற்போம் என்றார்கள். பிறகு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. திரை நன்றாயிருக்கிறது, கீபோர்டு நன்றாயிருக்கிறது, எல்லாம் நன்றாயிருக்கிறது, ஆனாலும் பழசு! பாதுகாப்பு முக்கியம் என்ற அவர்கள் நியாயத்தை நான் தள்ளவில்லை. பாதுகாப்புத் திருத்தம் இல்லாத மெஷினில் பேங்க் வேலை செய்வது ஆபத்துதான். ஆனால் வழியே இல்லை என்று நினைக்காதிருங்கள். லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தை அதில் போட்டு இன்னும் பல வருஷம் ஓட்டலாம். விற்கிறவருடைய வார்த்தையைக் கேளுங்கள்; ஆனால் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதிருங்கள்.

3. கண் சொன்னது. இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. மெஷின் மாறவில்லை, வேலை மாறவில்லை, சாப்ட்வேரும் மாறவில்லை. பக்கத்து மேஜையில் ஒரு புதிய லேப்டாப் வந்தது; அவ்வளவுதான்! போன மாதம்வரை இனிப்பாயிருந்தது இன்றைக்குக் கசக்கிறது. 2024 மே மாதம் ஏஐ வேலைகளுக்கென்று ஒரு புது வகை லேப்டாப்பை அறிவித்தார்கள். அதிலுள்ள சிறப்புச் சிப் வினாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகளுக்கு மேல் போடும் என்றார்கள். கேட்டவுடனே மனது பறக்கிறது. அதை வைத்து நீ போடப்போகிற கணக்கு என்ன, சகோதரனே? அதற்குப் பதில் இல்லை!

இந்தக் கண்ணுக்கு முடிவே கிடையாது. ஒரு சிப்பில் அடங்குகிற பாகங்கள் வருஷத்துக்கு இரட்டிப்பாகும் என்று கார்டன் மூர் 1965-ல் எழுதினார். 1975-ல் அதை இரண்டு வருஷம் என்று திருத்தினார். அப்படியானால், கடைசியாக வந்ததை வைத்திருந்தால்தான் திருப்தி என்கிறவன் இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் தரித்திரனாகிறான்! முன்பு சொன்ன ஆஸ்போர்ன் கம்பெனியே இதற்குச் சாட்சி. அடுத்த மாடல் வருகிறது என்ற செய்தி முன்னதாகவே பரவினவுடன் ஜனங்கள் கடையில் இருந்ததை வாங்காமல் நிறுத்திவிட்டார்கள் என்பார்கள். வேறு காரணங்களும் உண்டு; ஆனாலும் 1983 செப்டம்பரில் அந்தக் கம்பெனி திவாலானது. வராத ஒன்றின்மேல் வைத்த கண், வந்திருக்கிறதை விழுங்கிவிட்டது.

இன்னொரு மனுஷரையும் பாருங்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்ற அமெரிக்க நாவலாசிரியர் உலகமறிந்தவர். எந்தக் கம்ப்யூட்டரும் வாங்க வசதியுள்ளவர். ஆனால் இன்டர்நெட் இணைப்பே இல்லாத ஒரு பழைய டாஸ் மெஷினில், வேர்ட்ஸ்டார் 4.0 என்ற சாப்ட்வேரில் எழுதுவதாக 2014-ல் டெலிவிஷனில் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவருக்கு வேண்டியதை அது செய்கிறது, அவ்வளவுதான்.

விலையை வேறொருவர் கொடுக்கிறார்

"என் காசு, என் ஆசை, உங்களுக்கு என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விலை முழுவதையும் நாம் கொடுப்பதில்லையே! 2022-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை கணக்கிடுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மாத்திரம். மீதி எங்கே போகிறது? டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களில் ஏழைகள் வெறுங்கையால் பிரிக்கிறார்கள். ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். நாம் "பழசு" என்று சொன்ன ஒரு வார்த்தையின் கடைசி முனை அங்கே இருக்கிறது.

வீட்டுக்குள்ளேயும் பாருங்கள். மாதத் தவணையில் வாங்கின லேப்டாப்பின் கடன் முடியுமுன்னே அடுத்த லேப்டாப்புக்குக் கடன். மகனுடைய மேஜை மின்னுகிறது. அம்மாவின் கண் பரிசோதனை மட்டும் "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போகிறது. இது கம்ப்யூட்டர் விஷயமா? இல்லை, இது நியாய அநியாய விஷயம்.

செய்யவேண்டியது என்ன?

வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இப்போதிருக்கிற மெஷினில் எந்த வேலை நின்றுபோயிற்று? அதைப் பழுதுபார்த்துச் சரிசெய்ய முடியாதா? நான் கழிக்கிறது யார் கைக்குப் போகும்?

இரண்டாவது கேள்வியில் அநேகருக்கு விடுதலை உண்டு. மெதுவாகப்போன பல லேப்டாப்புகளுக்கு உண்மையான வியாதி அதன் பழைய ஹார்டு டிஸ்க்தான். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, இடமிருந்தால் ராமையும் கூட்டினால், அதே மெஷின் எழுந்து ஓடும்! பேட்டரியையும் மாற்றலாம். ஆனால் இப்போது வருகிற பல மெலிந்த லேப்டாப்புகளில் ராமைப் போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். பிறகு கூட்ட முடியாது. ஆகவே புதிதாக வாங்குகிறவர்கள், எவ்வளவு வேகம் என்று கேட்பதோடு, திறந்து பழுதுபார்க்கலாமா என்றும் கேளுங்கள்.

வாலிபனே, உன் ஆனந்தத்தை நான் பறிக்க வரவில்லை. புதியது வரும்போது ஆசைதீரப் பார். எல்லாருக்கும் எடுத்துச் சொல். உன் அறிவைக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நொண்டி லேப்டாப்பைச் சரிசெய்து கொடு. புதியதை வாங்கினவனுக்கு ஒரு வாரம் இருக்கிற சந்தோஷம் உனக்கு வருஷக்கணக்கில் இருக்கும். பார்த்து மகிழ்வது வேறு, பார்த்து ஏங்குவது வேறு. மகிழ்கிறவன் கையில் இருக்கிறதையும் சேர்த்து நேசிக்கிறான். ஏங்குகிறவனுக்கோ வாங்கினதும் போதாது, வரப்போகிறதும் போதாது.

இன்று உன் மேஜைமேல் இருக்கிற மெஷினும் ஒரு நாள் மேடையில் வெளிச்சம் போட்டுக் காட்டப்பட்டதுதான். அன்றைக்குக் கைதட்டினாய் அல்லவா? அதை மறந்துவிடாதே.